மிஞ்சும் சந்திகள்

மகிழினிக்கு ஏழு வயது.
வகுப்புக் கணக்கையெல்லாம் ஒக்டோபரிலேயே முடித்துவிட்டாள்.
ஆசிரியை கொவல்சுக் நல்ல மனுசி.
அடுத்த வகுப்பின் தாள்களைக் கொடுத்தார்,
பிறகு அதற்கும் அடுத்ததை.
"எண்தான் பெரிசு அப்பா, கணக்கு அதேதான்."
பென்சிலைக் கடித்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

சனிக்கிழமை வகுப்பொன்றுக்குக் கூட்டிப்போனேன்.
மணிச்சட்டம். இருபது பிள்ளைகள். சுவரில் ஒரு மணிக்கூடு.
ஆர் முதல் என்பதைத் தவிர
அங்கே வேறு கேள்வி இல்லை.
திரும்பும்போது காரில் கேட்டாள்:
"ஓடத்தான் வேணுமெண்டால் ஏன் இருத்தி வைக்கினம்?"
கட்டிய காசைத் திருப்பித் தரமாட்டார்களாம்.

நூலகத்தில் ஒரு பெட்டி விளையாட்டு இரவல் எடுத்தோம்.
இரண்டு காய் குறைவு.
குறைந்த காய்களுக்கென்றே புதிதாக விதி எழுதினாள்,
அந்த ஞாயிறு சிரிப்பும் சண்டையுமாய்ப் போனது.
திங்கள் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

நான் என்ன சொல்லிக்கொடுக்க?
சாதாரண தரத்தில் கணிதத்துக்கு
இரண்டு தரம் டபிள்யூ வாங்கியவன்.
சாஸ்கட்டூனில், ஊர் உறங்கும் நேரம்,
தெருவில் ஸ்நோ வழிக்கிற ட்ரக் ஓட்டுகிறேன்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில்,
வேலையைப் பற்றிப் புறுபுறுக்கையில்,
கரண்ட் பில்லின் பின்பக்கம் கீறிக் காட்டினேன்.
கிடத்திவைத்த ஏணி மாதிரி எங்கள் பகுதி:
நீளத்துக்கு இரண்டு தெரு, குறுக்கே நாலு,
இரண்டு அந்தத்திலும் படி.
ஒடுங்கின தெருக்கள், ஒரு ஓட்டம் போதும்.
ஆனாலும் வழித்த தெருவிலேயே திரும்பவும் ஓடுகிறேன்,
இரவுக்கு மூன்று இடத்தில். டீசல் வீண்.

அவள் ஒன்றும் பேசவில்லை.
சோறு ஆறியது.

விடிய நான் வீடு வரும்போது
குசினி மேசை முழுக்கக் கோதுமை மா.
நடுவே ஏணி.
காலாவதியான என் நூலக அட்டையைக் குத்தென நிறுத்தி
மாவை வழித்துக்கொண்டு போகிறாள்,
வாயால் எஞ்சின் சத்தம் வேறு.
அவளின் தாய் வாசலில் துடைப்பத்தோடு நிற்கிறாள்,
ஏச வந்தவள், ஏச மறந்து.

"ஏலாது அப்பா."
"எது?"
"ஒருக்கா மட்டும் ஓடி முடிக்க ஏலாது.
சந்திக்குள்ள போக ஒரு தெரு, வெளியில வர ஒரு தெரு.
மூண்டு தெரு சேர்ந்தால் ஒண்டு மிஞ்சும்.
அப்பிடி மிஞ்சுற சந்தி நாலு இருக்கு."
மா ஒட்டிய விரலால் நாலையும் தொட்டாள்.
"ஒண்டில தொடங்கி ஒண்டில முடிக்கலாம்.
மற்ற ரெண்டுக்கும் நடுவில திரும்ப ஓடத்தான் வேணும்.
ஆனா ஒரு இடம் காணும். மூண்டு வேண்டாம்."

மூன்று வருடம் அந்தத் தெருக்களில் ஓடியிருக்கிறேன்.
சந்திகளுக்குப் பசி இருக்கும் என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
பில்லை ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிவைத்து
அவள் கீறிய அம்புக்குறிகளின் வழியே போனேன்.
பதினாலு நிமிடம் மிச்சம்.
பிளாஸ்க்கில் தேத்தண்ணி இன்னும் சூடாக இருந்தது.
குடித்துக்கொண்டே சிரித்தேன், தனியாக,
பைத்தியம் மாதிரி.

திரும்ப ஓடும் அந்த ஒரு துண்டு
எங்கள் வீட்டின் முன்னால் போகிறது.
ஏன் இதைத் தெரிந்தாய் என்று கேட்டதற்கு
"அதுதான் கட்டை" என்றாள், நிமிராமலே.

மீற்றரில் அளந்து பார்த்தேன்.
குறுக்குத் தெரு முப்பது மீற்றர் கட்டை.

மேல்மாடியில் அவளின் விளக்கு
நான் முதல்தரம் போகும்போது எரிகிறது,
இரண்டாம் தரம் போகும்போது அணைகிறது.

அந்த முப்பது மீற்றரைப் பற்றி
நான் வாய் திறக்கவில்லை.
சொன்னால் திருத்திவிடுவாள்.